பழசைப் பழசாவே விடுங்கய்யா!

தார்ப்பாயை விலக்கிவிட்டு அந்த பெயிண்டர் என் முகத்தைப் பார்த்தார் பாருங்கள், பிரசவ வார்டிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவரும் நர்ஸ் மாதிரி ஒரு பூரிப்பு. "எப்படி சார்? ஷோரூம்ல இருந்து இப்பதான் இறக்குன மாதிரி இல்ல?"

ஐந்து மாதம். வேலூரில் காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் நடையாய் நடந்த ஐந்து மாதம். அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. தாத்தாவின் ஹெரால்டு கார், பூம்பூம் மாட்டுக்குச் சட்டை போட்ட மாதிரி ஜிகுஜிகுவென்று நின்றுகொண்டிருந்தது.

வண்டி 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு, 948 சிசி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த கார், 1961-லிருந்து ஸ்டாண்டர்டு என்ற பெயரில் மெட்ராஸிலேயே செய்தார்கள். வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். இதே சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அவரே வரைந்த வேறு உடம்பை ஏற்றித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. தாத்தா ஊரெல்லாம் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லித் திரிந்ததில் கால்வாசி உண்மை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். சின்ன வயதில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் உத்தியோகம் எனக்கு அங்கேதான்.

நான் கேட்டது ஒன்றுதான். தாத்தா வண்டி எடுத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படி வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

கலரைச் சொல்கிறேன், கேளுங்கள். கதவு ரப்பரை உரித்துப் பார்த்தபோது வெயில் படாத இடத்தில் விரல் அகலத்துக்கு அசல் பெயிண்ட் மிச்சம் இருந்தது. மோரில் கொத்தமல்லி அரைத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல் பச்சை. பெயிண்டரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதைக் காட்டினேன். போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டார். அப்புறம் அதே பச்சையைக் கலக்கிவிட்டு, போனால் போகிறதென்று வெள்ளி மினுக்கையும் கொட்டியிருக்கிறார். "கொஞ்சம் மின்னுனாத்தான் சார் கெத்து." யாருக்குக் கெத்து? நான் கேட்டேனா?

சரி, கலரையாவது மறுபடி அடிக்கலாம். கூரையைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஹெரால்டின் கூரை தனித் துண்டு, பின்பாகம் தனித் துண்டு, எல்லாம் போல்ட் போட்டு மாட்டியது. டிரையம்ஃப்காரர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடி செய்துதர ஆளில்லாமல், துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் பூட்டிய கார் இது. அந்த இணைப்புக் கோடுகள்தான் இந்த வண்டியின் ஜாதகம். கூரைக்குக் கீழே விரலை ஓட்டினேன், வழுவழுவென்று போனது.

"அண்ணே, இங்க ஒரு கோடு இருந்துச்சே?"

"ஆமா சார், அசிங்கமா இருந்துச்சு. பட்டி வச்சு அடைச்சிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."

தனியாகக் காசு வேண்டாமாம்! பெரிய மனசு.

இந்த அக்கிரமத்துக்கு நடுவில் ஒரே ஒரு நல்ல மனிதர், ஆற்காடு ரோட்டில் சீட் தைக்கும் பாய். அவரும் முதலில் சிரித்தார். "ஆம்பூரு ராணிப்பேட்டைய சுத்தி வச்சிகினு ரெக்ஸின் கேக்குறியே தம்பி, ஊரே சிரிக்கும்." நியாயமான கேள்விதான். தோல் பதனிடுகிற ஊர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு போலித் தோலைத் தேடுகிறேன். ஆனால் எங்கள் வண்டியில் இருந்தது ரெக்ஸின். வெயிலில் நிறுத்திவிட்டு ஏறினால் தொடையில் ஒட்டிக்கொண்டு 'சர்ரக்' என்று உரியும். எனக்கு அந்தச் சத்தமும்தான் வேண்டும். பாய் இரண்டு மூன்று நாள் புலம்பினார், பழைய சீட்டைப் பிரித்துக் கோட்டுக்குக் கோடு அளந்தார், ஓரத்துப் பைப்பிங் உட்பட அப்படியே தைத்துக் கொடுத்தார். டைமண்ட் தையல் போடட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் கையில் தங்கக் காப்பு போட வேண்டும்.

சொந்தக்காரர்கள் கதை தனி. மாமா வந்தால் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "மாப்ள, பேசாம மாருதி ஆம்னி இன்ஜின எடுத்து உள்ள வையி, ஏசியப் போடு, அலாய் வீல மாட்டு" என்கிறார். இதையெல்லாம் செய்தபின் அதில் ஹெரால்டு எங்கே இருக்கும் மாமா? ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதியே, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருந்தால்தான் விண்டேஜ் என்று சேர்த்துக்கொள்கிறது. அரசாங்கத்துக்கே புரிந்தது மாமாவுக்குப் புரியவில்லை. கேட்டால், "மைலேஜ் வேணாமா?" வருஷத்துக்கு நாலு தடவை கோட்டை வரைக்கும் போய்வரும் வண்டிக்கு என்ன மைலேஜ்?

கிளைமாக்ஸ் போன வாரம். காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து துடைத்தால், கூரைக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பட்டி வெடித்திருக்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? போல்ட் போட்ட இணைப்பு, ஓடும்போது லேசாக அசையத்தான் அசையும். பட்டி அசையுமா? வெள்ளைக்காரன் விட்ட கோடு அதே இடத்தில், கோணல்மாணலாக, மறுபடி வந்துவிட்டது.

பெயிண்டருக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பட்டியச் சுரண்டணும்னா அது தனி லேபர் சார்."

வைத்துவிட்டேன். உப்புத்தாள் வாங்கியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை நானே உட்காருகிறேன். மாமா வந்தால் நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.