இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம் இருக்கட்டும்

ஒரு சிம்பொனியின், அதாவது ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய நீண்ட மேற்கத்திய இசைப்படைப்பின், எந்த ரெக்கார்டிங்கைக் கேட்கலாம் என்று பேச்சு வந்தால், எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறோம். சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் கடைசிப் பகுதியை, குழுவை நடத்தும் கண்டக்டர்களில் ம்ராவின்ஸ்கி சுமார் 10 நிமிடத்தில் முடிக்கிறார், பெர்ன்ஸ்டைன் 1986இல் 17 நிமிடம் எடுத்துக்கொண்டார். சரி, அதுவும் முக்கியம்தான். ஆனால் நான் முதலில் கவனிப்பது, வயலின்காரர்களை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முதல் வயலின்கள், இரண்டாம் வயலின்கள் என்று இரண்டு அணியாகப் பிரிந்து வெவ்வேறு பகுதியை வாசிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் முதல் வயலின்கள் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் எதிரே வலப்பக்கமும் உட்காருவதே பெருவழக்கு. பிறகு இரண்டு அணியையும் இடப்பக்கமே சேர்த்து வைக்கும் முறை வந்தது. அமெரிக்காவில் அது பரவியதில் கண்டக்டர் ஸ்டொகோவ்ஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு. சேர்ந்து வாசிப்பது அதில் சுலபம். வலப்பக்கம் போனால் வயலினின் முகம் அரங்கைப் பார்க்காது, ஒலி மங்கும் என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். இருந்தாலும், இழப்பு அதைவிடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஆறாவது சிம்பொனியின் கடைசிப் பகுதித் தொடக்கத்தையே கேளுங்கள். நம் காதில் விழும் மெட்டை அங்கே எந்த அணியும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு சுரம் முதல் வயலினிடம், அடுத்த சுரம் இரண்டாம் வயலினிடம் என்று பிரித்து எழுதியிருக்கிறார் சாய்கோவ்ஸ்கி. அதே மெட்டு பின்னால் திரும்பி வரும்போது முழுவதும் முதல் வயலின்களிடமே போய்விடுகிறது. இரண்டு அணியும் எதிரெதிரே இருந்தால்தான் அந்தத் தொடக்கத்தில் மெட்டு நிலைகொள்ளாமல் அலைவது தெரியும். ஒரே பக்கம் வைத்துவிட்டால் அவ்வளவு யோசித்து எழுதியது வீண். லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கோடு ம்ராவின்ஸ்கி 1960இல் செய்த ஸ்டீரியோ பதிவை நான் விடாமல் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

கண்டக்டர் கார்லோஸ் கிளைபர் 1970களில் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு பதிந்த பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி இன்னொன்று. அதன் கடைசிப் பகுதியில் இரண்டு வயலின் அணிகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதை ஹெட்ஃபோனில் கேளுங்கள், இடமும் வலமுமாகப் பொறி பறக்கும். கண்டக்டர் கரயானின் 1960களின் பெர்லின் பதிவுகளும் எனக்குப் பிடிக்கும், அந்த ஒலியின் அடர்த்தி வேறு யாரிடமும் கிடைக்காது. ஆனால் இந்த உரையாடல் அதில் இல்லை.

பழைய மோனோ பதிவுகளில் இடம், வலம் என்று ஒலி பிரிந்து கேட்காது, அதனால் அவற்றுக்கு இந்த அளவுகோல் செல்லாது. 1938 ஜனவரியில் வியன்னாவில் புரூனோ வால்டர் நடத்திய மாலரின் ஒன்பதாவது சிம்பொனியை என்னால் எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சிம்பொனியின் முதல் மெட்டைத் தொடங்குவதே இரண்டாம் வயலின்கள்தான். முதல் வயலின்கள் அப்புறம்தான் வந்து சேர்கின்றன. அதை இடம் பிரித்துக் கேட்க ஆசைப்பட்டால் 1967இல் கண்டக்டர் கிளெம்பரர் பதிந்ததை எடுங்கள்.

புதிதாக வரும் ஒவ்வொரு பதிவின் அட்டையிலும் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த வரைபடம் ஒன்றை அச்சிட வேண்டும். மைக் விவரமெல்லாம் போடுகிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.