கண்ணீர் மட்டும் ஓட்டுப் போடுவதில்லை

‘தலைவர் இறந்தால் அவர் கட்சிக்கே வெற்றி, சென்னைக் குடிசைவாசிகள் அழுதபடியே ஓட்டுப் போடுவார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஏழைக்கு மட்டும்தான் உணர்ச்சி உண்டு என்ற இளக்காரம் அதைவிடக் கொடுமை.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தபோது தமிழகமே கதறியது. ஆனால் 1989 தேர்தலில் அவருடைய ஆண்டிபட்டித் தொகுதியிலேயே மனைவி ஜானகி தோற்றார், அ.தி.மு.க. பிளவுபட்டு நிற்க, தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. ஜெயலலிதா மறைந்த பின், அவருடைய ஆர்.கே. நகரில் 2017 டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. இரட்டை இலை தோற்றது. சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அனுதாப அலையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின், 1991இல் அ.தி.மு.க. – காங்கிரஸ் அணி 234இல் 225 இடங்களை அள்ளியது. அந்த அலையிலும் சென்னைத் துறைமுகம் தொகுதி கருணாநிதியைத்தான் தேர்ந்தெடுத்தது.