மூளையில் நடந்தால் பொய்யாகிவிடுமா?

"மூளையில் ஓரிடத்தைத் தூண்டினால் கடவுள் தெரிகிறார், அப்படியென்றால் பக்தி வெறும் மூளைக்கோளாறு" என்று ஒரு கூட்டம். "தியானம் செய்தால் மூளை மாறுகிறதாம், எங்கள் சாமியை அறிவியலே ஒத்துக்கொண்டுவிட்டது" என்று இன்னொரு கூட்டம். இருவரும் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஆய்வுகளைத்தான். இந்தச் சண்டையைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஆய்வுகள் சொல்வதை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் செய்த சோதனையை எடுத்துக்கொள்வோம். காதுக்கு உள்பக்கமாக இருக்கும் டெம்போரல் லோப் என்ற மூளைப்பகுதியில் வலிப்பு வரும் சிலருக்கு, அந்த நேரத்தில் தெய்வமே எதிரில் நிற்பது போன்ற பரவசம் வரும். அப்படிப்பட்டவர்களின் விரல்களில் மின்முனைகளைப் பொருத்தினார். மனதைத் தொடும் சொல்லோ படமோ வந்தால் நமக்கே தெரியாமல் துளி வியர்வை சுரக்கும், கருவி அதைப் பிடித்துவிடும். பொதுவாகக் காமம், வன்முறை சார்ந்தவற்றுக்கு ஊசி எகிறும். இவர்களுக்கோ கடவுள் சம்பந்தப்பட்ட சொற்களுக்கு எகிறியது, காமம் சார்ந்தவற்றுக்கு அடங்கியிருந்தது. சோதனைக்கு உட்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் மூளையில் கடவுளுக்கென்றே ஓர் அறை கண்டுபிடிக்கப்பட்டதுபோல ஊடகங்கள் எழுதித் தள்ளின. கடவுள் உண்டா இல்லையா என்பதற்கு இதில் விடை இல்லை என்று ராமச்சந்திரனே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது கனடாவின் மூளை ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கர் கதை. ஹெல்மெட் ஒன்றில் காந்தச் சுருள்களை வைத்து, மிக மெல்லிய காந்தப்புலத்தைத் தலைக்குள் செலுத்தினால் பக்கத்தில் யாரோ இருப்பதாகத் தோன்றுகிறது என்றார். ஸ்வீடனில் கிரான்க்விஸ்ட் என்ற உளவியலாளரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது அணிந்தவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்து சோதிப்பவருக்கும் தெரியாது. முடிவு? காந்தம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். எளிதில் எதையும் உள்வாங்கும் இயல்புள்ளவர்களுக்கே அந்த உணர்வு அதிகம் வந்திருந்தது. பெர்சிங்கர் தோற்றார் என்று இதைக் கடந்துபோவது தவறு என்பேன். எதிர்பார்ப்பு ஒன்றே போதும், மூளை ஒரு துணையை உருவாக்கித் தந்துவிடுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

கனடாவில் கார்மெலைட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் 15 கன்னியாஸ்திரிகளை ஸ்கேன் செய்த ஆய்விலும் (2006) கடவுளுக்கென்று தனியிடம் எதுவும் அகப்படவில்லை. மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்கின, அவ்வளவுதான்.

அப்பா இறந்த பிறகு, பின்கட்டில் பாத்திரம் விளக்கும்போது வாசலில் அவர் செருப்பை உதறிவிடும் சத்தம் கேட்கிறது என்று அம்மா சொன்னாள். பயமில்லையாம், தெம்பாக இருக்கிறதாம். ஆனால் பல மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொந்தக்காரர்கள் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், இல்லையென்றால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, அதை 1971இல் வெளியிட்டிருக்கிறார். கிட்டத்தட்ட பாதிப்பேர் இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதானா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மூளை அறிவியலால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான்.

ஆறுதல் தரும் அனுபவம் வேறு, ஆளை வீழ்த்தும் நோய் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நடக்கும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிச் செத்தார்கள். தர்காவில் தங்கினால் குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். நம்பியதை நான் குற்றம் சொல்லமாட்டேன். வைத்தியத்தைத் தடுத்து வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, தெரிந்தவர் யாராவது சாமியைக் கண்டதாகச் சொன்னால் கேலி செய்யாதீர்கள், உடனே காலில் விழவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். அந்த நேரத்தில் கண் நிலைகுத்துகிறதா, வாய் தானாகச் சப்புக்கொட்டுகிறதா, கை துணியைப் பிசைகிறதா, நடந்தது பிறகு நினைவில்லையா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் போடட்டும். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.