கிராமீன்போனைத் தொடங்கியது கிராமீன் வங்கி அல்ல

கிராமீன்போனைப் பற்றி, "வங்கதேசத்தின் முதல் மொபைல் கம்பெனியை யூனுஸின் கிராமீன் வங்கிதான் ஆரம்பித்தது" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். (யூனுஸ் என்பது முகமது யூனுஸ்; ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியை நிறுவியவர்.) அதற்கு லைக்குகளும் குவிகின்றன. அது முதல் கம்பெனி என்பதும் சரியில்லை, வங்கி ஆரம்பித்தது என்பதும் சரியில்லை.

முதலில் வந்தது சிட்டிசெல் என்ற கம்பெனி, 1993இல். அப்போது கட்டணம் அதிகம், பணக்காரர்களுக்கான சேவையாக இருந்தது.

கிராமீன்போனுக்கான யோசனை நியூயார்க்கில் முதலீட்டுத் துறையில் இருந்த இக்பால் காதிருடையது. அவர்தான் யூனுஸை அணுகினார், நார்வேயின் தொலைபேசி நிறுவனமான டெலினாரையும் உள்ளே இழுத்தார். 1996இல் உரிமம் கிடைத்தது, 1997 மார்ச் 26 அன்று, அந்நாட்டின் சுதந்திர தினத்தில், சேவை தொடங்கியது. அப்போதே 51 சதவீதப் பங்கு டெலினாரிடம். 35 சதவீதம் கிராமீன் டெலிகாமிடம். இது லாப நோக்கமற்ற தனி நிறுவனம், வங்கி அல்ல. மீதி ஜப்பானின் மருபெனி நிறுவனத்துக்கும் காதிரின் கோனோஃபோன் நிறுவனத்துக்கும்.

கிராமீன் வங்கி செய்த வேலை வேறு. அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்கள் அங்கே கடன் வாங்கி ஒரு செல்போன் வாங்கினார்கள். ஊரார் வந்து பேசிவிட்டுக் காசு கொடுத்தார்கள், கடன் தவணையும் அதிலேயே அடைந்தது. ஊருக்கு ஒரு பிசிஓ மாதிரி. இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

கிராமீன்போனின் வளர்ச்சிக்கு இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. ரயில் பாதையோரம் நார்வே உதவியில் ஏற்கெனவே ஃபைபர் கேபிள் போடப்பட்டிருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்ததால் டாக்காவைத் தாண்டி வேகமாகப் போக முடிந்தது. சிட்டிசெல்லுக்கு அந்த வசதி இல்லை.

யூனுஸைப் பிடிக்கும், பிடிக்காது என்பது தனி விவாதம். ஆனால் காதிர் பெயரே இல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது அநியாயம்.