வருஷம் முழுக்க வேண்டாம், சித்திரை வரைக்கும் போதும்

ஜனவரி 1 அன்று எடுக்கிற சபதம் பெரும்பாலும் பொங்கலைத் தாண்டுவதில்லை. மனசில் உறுதி போதவில்லை என்று சபதம் எடுத்தவரைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலண்டரைப் பாருங்கள். ஜனவரி 1 மார்கழியின் நடுவில் விழுகிறது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், துணி எடுக்க மதுரை விளக்குத்தூண் பக்கம் போக வேண்டும், சொந்த ஊருக்குப் போய்வர வேண்டும். அதோடு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக மூன்று நாள் ஜல்லிக்கட்டு. நடையும் நிற்கும், படிப்பும் நிற்கும். நின்றுபோனதை மறுபடி தொடங்கக் கூச்சப்பட்டு மீதி 11 மாதத்தையும் விட்டுவிடுகிறோம்.

அதனால் வருஷத்துக்கென்று இலக்கு வைக்காதீர்கள். காணும் பொங்கல் கழிந்து தை 5 அன்று தொடங்கி, பங்குனிக் கடைசியில் முடியுங்கள். ஏறக்குறைய 12 வாரம் வரும். ஒரு பழக்கம் வேர்பிடிக்க அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் அதை அச்சில் வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது (12 வாரத்தைத் தாண்டுகிற எண்கள் அவர்கள் கணித்துச் சொன்னவை). '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி, 22-ஆம் நாள் தன்மேலேயே வெறுத்துப்போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஜனவரி 1 முதல் தை 4 வரை என்ன செய்வது? அளக்க வேண்டும். எதையும் மாற்றாமல், இப்போது இருக்கிறபடியே ஒரு வாரம் எழுதிவையுங்கள். போனில் எத்தனை மணி நேரம் போகிறது என்பது செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தில் இருக்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி, ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம் டீயிலேயே உள்ளே போகிறது. சாதாரணமாகச் சாப்பிடும் பெரியவர் ஒருவருக்கு, சேர்த்துக்கொள்ளும் சீனி நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் 'இனிப்பைக் குறைக்கணும்' என்ற புகைமூட்டம் கலைந்துவிடும். 'இரண்டு டீ சீனி இல்லாமல், இரண்டு டீ ஒரு ஸ்பூனோடு' என்று இலக்கு தானாகவே உருவாகும். 40 கிராம் 10 கிராம் ஆகிவிடும்.

இதிலும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. டீக்கடையில் மாஸ்டர் முதலில் கிளாஸில் சீனியைப் போட்டுவிட்டுத்தான் பாலையும் டிக்காஷனையும் ஊற்றுவார். அவர் கிளாஸை எடுத்த பிறகு 'சீனி கம்மி' என்று சொல்லிப் பயனில்லை. கடைக்குள் கால் வைக்கும்போதே சொல்ல வேண்டும். ஆபீஸுக்கு வரும் பார்சல் டீயில் சீனி ஏற்கெனவே கலந்திருக்கும். சீனி இல்லாத டீ வேண்டுமென்றால் அது பார்சல் டீயாக இருக்க முடியாது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த இரண்டு வாரத்துக்குள் எச்பிஏ1சி எடுத்துவிடுங்கள். லேபில் 'மூணு மாச சுகர்' என்று சொன்னாலே புரியும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை அது. சித்திரை பிறந்ததும் மறுபடி எடுத்தால் உங்கள் 12 வாரம் என்ன செய்தது என்று ஒரே எண்ணில் தெரிந்துவிடும். மாத்திரையோ இன்சுலினோ போடுபவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இனி, எதை இலக்காக வைப்பது? 'உடம்பைக் குறைக்கணும்', 'இங்கிலீஷ் பேசணும்', 'நிறைய படிக்கணும்' எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேளுங்கள். யாருக்கும் சொல்லாமல், ஒரு போட்டோகூடப் போடாமல் இதைச் செய்வேனா? இதற்காக எதை விடப் போகிறேன்? முதல் கேள்வியில் தோற்பது அடுத்தவர் ஆசை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு வந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது வெறும் விருப்பம், அவ்வளவுதான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மணிக்கு மணி எழுதிப் பாருங்கள். அந்த அரை மணி எந்த வேலையிலிருந்து வரப்போகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

உடம்பு குறைவது ஏன் வேண்டும் என்று தோண்டிக்கொண்டே போனால், 'அழகர்மலையில் நூபுர கங்கை வரைக்கும் அம்மாவோடு மூச்சு வாங்காமல் ஏறணும்' என்பது போல ஒன்று அடியில் கிடக்கும். அதையே எழுதுங்கள். எடை மிஷின் ஒரு வாரம் ஏமாற்றினாலும் அந்த மலை அங்கேயேதான் இருக்கும்.

இலக்கு ஒன்றே ஒன்று போதும். இரண்டாவது வேண்டுமென்றால், முதலாவது கேட்கிற அதே நேரத்தைக் கேட்காததாக இருக்க வேண்டும். விடியற்காலை நடை, விடியற்காலை படிப்பு, விடியற்காலை தியானம் மூன்றையும் ஒரே ஐந்து மணிக்குள் திணித்தால் மூன்றும் போகும்.

வாக்கியத்தை எழுதும் விதமும் முக்கியம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய முறை இது: 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று நேரம், இடம் குறித்து எழுதுவது. 'தினமும் நடப்பேன்' என்பது பிடி இல்லாத வாக்கியம். 'காலையில் பால் காய்ச்சி இறக்கியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெப்பக்குளத்தை இரண்டு சுற்று வருவேன், திங்கள் முதல் வெள்ளி வரை' என்பதில் பிடி இருக்கிறது. வண்டியூர் தெப்பக்குளம் ஒரு பக்கம் 300 மீட்டருக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். ஒரு சுற்று கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். இரண்டு சுற்று சற்று வேகமாக வந்தால் அரை மணி. வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிஷம், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவு சரியாக வந்துவிடுகிறது. தையில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் உதிக்கும், பனியும் இருக்கும். பங்குனிக் கடைசியில் ஆறே காலுக்கெல்லாம் விடிந்து, எட்டு மணிக்கே வெயில் சுடும். தையில் ஏழு மணிக்கு ஒத்துவந்த நடை பங்குனியில் ஒத்துவராது. மாசி முடியும்போது முக்கால் மணி முன்னே இழுத்துவிடுங்கள். இதை முன்கூட்டியே எழுதிவைக்காதவர்கள் மார்ச்சில் வெயில்மேல் பழி போட்டு நிறுத்துகிறார்கள்.

கப்பலூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், மாட்டுத்தாவணியில் விடியும் முன்னே பூ ஏற்றி இறக்குபவர்களுக்கும் 'காலை ஆறு மணி' என்பதற்குப் பொருளே கிடையாது. அவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு, 'வேலை முடிந்து வந்து குளித்ததும்' என்று தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்ட வேண்டும்.

குறித்துவைப்பதற்கு ஆப் வேண்டாம் என்பது என் கருத்து. ஆப்பைத் திறக்கப் போனை எடுத்தால் ரீல்ஸில் போய் நிற்போம். நம் வீடுகளில் இதற்கு அருமையான முறை ஏற்கெனவே இருக்கிறது, பால் கணக்கு. அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர், ஆணியில் நூல் கட்டித் தொங்குகிற பென்சில். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் 'அரை', 'ஒண்ணு' என்று எழுதியிருக்கும், பால் வாங்காத நாளில் ஒரு பெருக்கல் குறி. மாசக் கடைசியில் யாரும் ஞாபகத்தில் கணக்குப் போடுவதில்லை, கட்டம் சொல்லிவிடும். அதே கட்டத்தின் எதிர் மூலையில் உங்கள் இலக்கை எழுதுங்கள். டிக் அடிக்காதீர்கள், அளவை எழுதுங்கள்: '2 சுற்று', '10 பக்கம்', 'சீனி 2'. டிக் அடித்தால் ஐந்து நிமிஷம் நடந்த நாளும் ஐம்பது நிமிஷம் நடந்த நாளும் ஒன்றுபோல் தெரியும். அன்றன்றைக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு கட்டத்தையும் நிரப்பினால் அதில் பாதி கற்பனையாகத்தான் இருக்கும்.

தொடங்கும் முன்பே தடங்கல்களை அந்தக் காலண்டரில் வட்டமிடுங்கள். தை முகூர்த்தக் கல்யாணங்கள், பழனி பாதயாத்திரை, மாசிக் களரி, பிள்ளைகளின் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை எல்லாமே தெரிந்த தேதிகள்தான். அந்த நாட்களுக்கு ஒரு அடிமட்ட அளவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்குப் பதில் பத்து நிமிஷம், பத்துப் பக்கத்துக்குப் பதில் ஒரு பக்கம். சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் மூன்றாம் நாள் அடிமட்ட அளவை மட்டும் செய்யுங்கள். விட்டதையெல்லாம் ஈடுகட்ட ஒரே நாளில் ஆறு சுற்று நடப்பவர் மறுநாள் முழங்கால் வலியோடு படுத்துக்கொள்வார்.

ஞாயிறு கறி அடுப்பில் வேகிற நேரத்தில் பத்து நிமிஷம் காலண்டர் முன்னால் நில்லுங்கள். ஐந்துக்கு இரண்டுகூடத் தேறாத வாரம் தொடர்ந்து இரண்டு வந்தால் இலக்கு பெரிது, பாதியாக்குங்கள். மூன்று வாரம் முழுசாக வந்தால் ஐந்து நிமிஷம் மட்டும் கூட்டுங்கள்.

மதுரையில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய தீர்மானம் எதுவென்று கேட்டால் மேலமாசி வீதியைத்தான் சொல்வேன். 1921 செப்டம்பர் 22 அன்று, தொப்பியையும் சட்டையையும் விட்டு அரையாடைக்கு மாறினார் காந்தி. அவர் தங்கியிருந்த அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. பலரும் கவனிக்காத ஒன்று, அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில் 'குறைந்தது அக்டோபர் 31 வரை' என்றுதான் இருந்தது. சுமார் ஐந்தரை வாரம். ஆயுள் முழுவதும் நிலைத்த மாற்றம், தேதி போட்ட சின்னக் கெடுவோடுதான் தொடங்கியது.

அந்தக் கெடுவின் பலம் நம் ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாள் சிகரெட் இல்லாமல் இருக்க முடியாதவர், மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டார். விதி தெளிவு, முடியும் நாள் தெளிவு, உடுப்பு அடையாளம், தெருவே 'சாமி' என்று கூப்பிடுகிறது, குருசாமி என்று கேட்க ஒருவர் இருக்கிறார். ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டுவதும் இதே அமைப்புத்தான். ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாளே அதே பெட்டிக்கடை, அதே சேக்காளிகள், சாப்பிட்டு முடித்த அதே நேரம். கழற்றிய பிறகு என்ன என்பதற்கு யாரும் விதி எழுதுவதில்லை, அதனால்தான் பழசு திரும்பிவருகிறது. மாலையைக் கழற்றும் முன்பே, சாப்பிட்டதும் எங்கே போவேன், யாரோடு நிற்பேன் என்பதை எழுதிவையுங்கள். புகையிலையை விட 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். குடி வேறு விஷயம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும் வலிப்பும் பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு மேலே சொன்ன எதுவும் தனியாக வேலை செய்யாது. அவர்கள் நேரம் அவர்கள் கையில் இல்லை. 'அம்மா காலையில் அரை மணி நடக்கப் போகிறார்' என்று வீடே பாராட்டும். அந்த அரை மணி இட்லிப் பானையைப் பார்ப்பது யார், தண்ணீர் வந்தால் பிடிப்பது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பத்து நாளில் நடை நின்றதும் 'அவங்களுக்கு ஆர்வம் இல்லை' என்றும் சொல்லிவிடுவார்கள். இது அநியாயம். அம்மாவின் இலக்கு காலண்டரில் ஏறும் அன்றே, அந்த அரை மணியின் வேலை யார் பெயரில் என்பதும் அதே கட்டத்தில் ஏற வேண்டும். அவர் வரும்போது அடுப்படி வேலை சேர்ந்து கிடந்தால், அந்தப் பெயருக்கு உரியவர்தான் அன்று தவறியவர்.

பணம் சேர்ப்பதற்கு தினசரி உறுதி தேவையில்லை, ஒரு நாள் வேலைதான். தபால் அலுவலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்புக் கணக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். மாதத்தின் முதல் 15 நாளுக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதக் கடைசி வரை கட்டலாம். முதல் தேதி சம்பளம் வாங்குபவர்கள் முதல் பாதியில் தொடங்குவது நல்லது. கடைசி வரை நேரம் இருந்தால் கையில் காசு இருக்காது. அது ஐந்து வருஷக் கணக்கு என்பதால், கஷ்டமான மாதத்திலும் கட்டமுடிகிற தொகையையே எழுதுங்கள்.

சித்திரை 1 அன்று மூன்று மாதத் தாளையும் தரையில் விரித்துப் பாருங்கள். பழகிவிட்டது என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டுச் செய்துகொண்டே இருங்கள். பாதி வந்திருந்தால் அளவை மாற்றி இன்னொரு 12 வாரம். மனசே ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு எடுங்கள். எதுவானாலும் உடனே தொடங்க வேண்டாம். கொடியேற்றம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை என்று ஊரே தெருவில் நிற்கிற நாட்கள் வருகின்றன. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு அடுத்த தேதியைக் குறியுங்கள்.