கடலுக்குப் போற வழிக்கு கேட் போட நீங்க யாரு?

சென்னை ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) கடலுக்குப் போற தெருவுல கேட் போட்டு, வந்தவங்கள ஒரு செக்யூரிட்டி திருப்பி அனுப்புற வீடியோ நேத்துல இருந்து சுத்துது. அந்த செக்யூரிட்டி அண்ணன திட்டாதீங்க, மாச சம்பளத்துக்கு சொன்னத செய்யுறாரு. கேட் மாட்டச் சொன்னவங்களக் கேளுங்க. நம்ம வரிப்பணத்துல போட்ட ரோடு, அதோட முனையில அந்தத் தெருவுல குடியிருக்கவங்களோட அசோசியேஷன் "வெளியாட்கள் வரக்கூடாது"ன்னு எழுதி மாட்டுனா அது எப்படி செல்லும்?

நீலாங்கரைல இருந்து உத்தண்டி வரைக்கும் வண்டியில போய்ப் பாருங்க. மேப்ல கடல் கூப்பிடுற தூரத்துல இருக்கும். ரிசார்ட்டுக்கும் ரெஸ்டாரண்டுக்கும் அம்புக்குறி போட்டு போர்டு இருக்கும். எந்தத் தெருவுல திரும்புனா கடல் மண்ணுல கால் வைக்கலாம்னு சொல்ற போர்டத் தேடிப் பாருங்க.

ஒரு ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு தர்ப்பணம் குடுக்க அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு முட்டி வலி. அலைச் சத்தம் காதுல விழுது, ஆனா திரும்புன தெருவெல்லாம் சுவரு, இல்ல கேட்டு. "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க"ன்னு ஒருத்தர் கேட்டாரு. கடலுக்கு வந்தோம்னு சொன்னா நம்மள திருடன் மாதிரி பாக்குறாரு. கடைசில குப்பத்துல மீன் வித்துட்டிருந்த ஒரு அக்காதான் "இப்படி வாங்க தம்பி, அம்மாவ மெதுவா கூட்டியா"ன்னு வலை காயப்போட்டிருந்த சந்து வழியா விட்டாங்க. எங்கள யாருன்னுகூட கேக்கல.

உடனே குப்பை போடுறாங்க, பாட்டில் உடைக்கிறாங்கன்னு வருவீங்க. போடுறவன புடிச்சு ஃபைன் போடுங்க. அதுக்கு எங்க அம்மா என்ன பண்ணாங்க? மூழ்கி சாகுறாங்கன்னு சொல்றது நியாயமான பயம், நம்ம கடல் இழுக்குற கடல்தான். அதுக்கு லைஃப் கார்ட் வேணும், எச்சரிக்கைப் பலகை வேணும். வழிய அடைச்சா பசங்க ஆள் நடமாட்டமே இல்லாத இடமா பாத்து எறங்குறாங்க, கத்துனாகூட யாருக்கும் கேக்காது. "மெரினாவுக்குப் போக வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்காரு. ஏன் சார், எங்க ஊர்க் கடல விட்டுட்டு நாங்க ஏன் போகணும்?

இமாச்சல்ல ஒரு விடுதிக்காக பியாஸ் ஆத்தோட போக்கையே திருப்புன வழக்குல, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு: கடற்கரை, ஓடுற தண்ணி, காத்து, காடு இதெல்லாம் பொதுமக்களுக்கானது, அரசாங்கம் அதுக்கு வெறும் காவலாளி. தனியாருக்குத் தூக்கிக் குடுக்க அரசாங்கத்துக்கே உரிமை இல்லேங்கறப்ப தெரு அசோசியேஷனுக்கு எங்க இருந்து வந்துச்சு?

இன்னொன்னும் மனசு ஆறல. குப்பத்து ஜனம் தலைமுறையா படகு நிறுத்துற, வலை பின்னுற மண்ணு அது. சின்ன வீட்டுல நெருக்கி வாழ்றவங்க ஊருக்கே வழி விட்டு வச்சிருக்காங்க. பங்களா கட்டுனவங்க அடைக்கிறாங்க, அப்புறம் அவங்களே குப்பத்த "ஆக்கிரமிப்பு"ன்னு மனு போடுறாங்க. இதுல யாருங்க ஆக்கிரமிப்பு?

உங்க ஏரியாவுல நடந்து கடலுக்குப் போற தெரு எதுன்னு தெரிஞ்சா பேரோட கமெண்ட்ல போடுங்க. கேட் போட்டிருந்தா போட்டோவும் போடுங்க, கார்ப்பரேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் சேத்து அனுப்பப் போறேன்.