டெட்லி பீர் டாடாவுடையது அல்ல

"டாடா 2000-ல் டெட்லியை வாங்கியபோது லீட்ஸ் நகர பீர் ஆலையும் சேர்ந்தே வந்தது, பிறகு அவர்கள்தான் அதை மூடினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. டாடா டீ 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது தேயிலைக் கம்பெனியை மட்டும்தான்.

இரண்டும் பிறப்பிலேயே வேறு. பீர் ஆலை, ஜோஷுவா டெட்லி 1822-ல் லீட்ஸில் தொடங்கியது. தேயிலை வியாபாரம், ஜோசப், எட்வர்ட் என்ற சகோதரர்கள் 1837-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஆரம்பித்தது. இரண்டும் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், பெயரும் ஒன்று. குழப்பம் வருவது இயல்பு.

ஆனால் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த காலமும் உண்டு. குழப்பத்துக்கு உண்மையான வேர் அதுதான். 1960-ல் டெட்லி பீர் ஆலை, வாக்கர் கெய்ன் என்ற இன்னொரு பீர் நிறுவனத்துடன் இணைந்து டெட்லி வாக்கர் ஆனது. அடுத்த ஆண்டே இண்ட் கூப், ஆன்ஸெல்ஸ் ஆகிய பீர் நிறுவனங்களுடன் சேர்ந்தது. அந்தக் குழுமம்தான் பிறகு அலைட் புரூவரீஸ். 1978-ல் அலைட், ஜே. லயன்ஸ் என்ற உணவு நிறுவனத்தை வாங்கியது. லயன்ஸிடம் ஏற்கெனவே டெட்லி தேயிலை இருந்தது. இப்படித்தான் பீரும் டீயும் ஒரே முதலாளியிடம் வந்தன.

பிரிந்ததும் தனித்தனியாகத்தான். பீர் 1990களின் தொடக்கத்தில் அலைட்டும் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனமும் சேர்ந்த கார்ல்ஸ்பெர்க்-டெட்லி என்ற கூட்டு நிறுவனத்துக்குப் போனது. அதில் அலைட்டின் பங்கை பாஸ் என்ற பிரிட்டிஷ் பீர் நிறுவனம் வாங்கி, தன்னோடு இணைக்க முயன்றது. 1997-ல் பிரிட்டிஷ் அரசு அந்த இணைப்பைத் தடுத்துவிட, முழு நிறுவனமும் கார்ல்ஸ்பெர்க் வசமானது. தேயிலையை 1995-ல் அதன் நிர்வாகிகளே முதலீட்டாளர்களோடு சேர்ந்து வாங்கினார்கள். டாடா வாங்கியது அவர்களிடமிருந்து.

லீட்ஸ் ஆலையை 2011 ஜூனில் மூடியது கார்ல்ஸ்பெர்க். மூடிய பிறகும் டெட்லி பீர் நிற்கவில்லை. பீப்பாயில் விற்கும் பிட்டர் வகை பீரின் தயாரிப்பு வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு மாறியது. லீட்ஸில் மிஞ்சியது 1931-ல் கட்டிய தலைமை அலுவலகக் கட்டடம்.